இது எப்படித் தெரியும், ஐயா?

புதுச்சேரியில் வசித்துக்கொண்டு வரலாற்றின் மீது ஆர்வம் கொண்டிருப்பவருக்கு, வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு பேறு உண்டு. வரலாற்றை ஆராய்பவர்களும் அதைக் கதையாக எழுதுபவர்களும் இங்கே நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கிறார்கள். செயின்ட் லூயி வீதியில் 1955ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1827இல் தொடங்கப்பட்டு இப்போது ரோமன் ரோலன் பெயரைத் தாங்கி நிற்கும் நூலகம், காலாப்பட்டில் பல்கலைக்கழகம் என்று படிப்பாளிகளை இழுத்து வைத்துக்கொள்ளும் இடங்கள் இங்கே பல. பணி ஓய்வுக்குப் பிறகும் அவர்களில் பலர் ஊரை விட்டுப் போவதில்லை. மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் காலாற நடப்பார்கள். புத்தக வெளியீடுகளில் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். தொலைபேசியில் அழைத்து, இன்ன செய்தி பற்றிப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் மறுக்காமல் வீட்டுக்கு வரச் சொல்வார்கள்.

கடலூரில் பிறந்து, வேலையின் பொருட்டுப் புதுச்சேரியில் குடியேறிய நான் சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் இவர்களைத் தேடிச் சென்று பேசிவருகிறேன். நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டதற்கும், இவர்களோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. நூல் பெரும்பாலும் முடிவைச் சொல்கிறது. அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார், வழியில் எதைக் கைவிட்டார், எந்த இடத்தில் இன்றும் தயங்குகிறார் என்பதெல்லாம் எதிரில் அமர்ந்து கேட்டால்தான் கிடைக்கின்றன. அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: இது உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா? பணிவோடு கேட்கப்படும்போது எந்த நல்ல ஆய்வாளரும் இந்தக் கேள்விக்காகக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. மாறாக, அதுவரை சுருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் எழுந்து போய் அலமாரியைத் திறப்பார்.

புதுச்சேரியின் நேர்கோட்டு வீதிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இந்த வீதிகளைப் பார்க்கும் எவரும் இது பிரெஞ்சுக்காரர்களின் திட்டம் என்றே சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். பிரெஞ்சு ஆவணங்களில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு பேராசிரியரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அவர் ழான் தெலோஷ் வெளியிட்ட பழைய வரைபடங்களின் தொகுப்பை எடுத்து வந்து மேசை மேல் விரித்தார். 1929இல் பிறந்து 2019இல் மறைந்த தெலோஷ், புதுச்சேரியிலேயே நெடுங்காலம் வாழ்ந்து, இந்தியாவின் பழைய சாலைகளையும் கோட்டைகளையும் ஆராய்ந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர். 1693 முதல் 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் அவர்கள் வரைந்த நகரத் திட்டங்களை ஆராய்ந்த தெலோஷ், நேர்கோட்டு வீதிகளுக்கான அடித்தளம் அங்கே இருப்பதை எடுத்துக்காட்டினார். 1697ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கையின்படி ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. அவர்கள் அந்த அமைப்பின் மீதே நகரைக் கட்டி எழுப்பினார்கள். 1761 ஜனவரியில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் லோ தெ லோரிஸ்தோன் ஆளுநராக வந்து மீண்டும் கட்டத் தொடங்கியபோதும் வீதிகளின் கோடுகள் பழையபடியே நின்றன. வீடுகள் மறைந்த பின்னும் வீதி மறையவில்லை.

இந்தச் செய்தியை ஏதேனும் ஒரு கட்டுரையில் நான் படித்திருக்கக்கூடும். ஆனால், அந்த வரைபடத்தின் மீது பேராசிரியர் தம் விரலை வைத்து, இன்றைய வீதிகள் எந்தக் கோட்டில் அமைகின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நம்பிவிடாதீர்கள், திட்டமாக வரையப்பட்டது எது, தரையில் கட்டப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எச்சரித்தபோதுதான் வரைபடம் என்பதைக் கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. வரைபடம் ஊரின் படமாகவும் இருக்கலாம். ஆள்பவரின் விருப்பமாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள இன்னொரு சான்று வேண்டும்.

தேதிகளைப் பற்றி அவரிடம் பேசியது இன்னும் ஆழமாக மனத்தில் பதிந்திருக்கிறது. 1746இல் லபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நிகழ்ச்சியைப் பற்றி நான் படித்த நூல்களில் ஒன்று செப்டம்பர் 10 என்றது. இன்னொன்று செப்டம்பர் 21 என்றது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் கடலூர் என்றும் வலப்பக்கம் புதுச்சேரி என்றும் எழுதினார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றினார்கள். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாள்காட்டியைப் பின்பற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு. ஆக, சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஊர்களில், ஒரே நாளில் எழுதப்பட்ட கடிதங்கள் 11 நாள் வேறுபட்ட தேதிகளைத் தாங்கி நின்றன. போதாக்குறைக்கு ஆங்கிலேயரின் ஆவண ஆண்டு மார்ச் 25ஆம் நாள்தான் பிறந்தது. எனவே ஜனவரி, பிப்ரவரி மாதக் கடிதங்களில் முந்தைய ஆண்டே எழுதப்பட்டிருக்கும்.

“தேதியை விடுங்க தம்பி, கிழமையைப் பாருங்க” என்றார் அவர். நாள்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. பழைய கணக்கில் செப்டம்பர் 10 புதன்கிழமை. புதிய கணக்கில் செப்டம்பர் 21 அதே புதன்கிழமை. பிறகு அவர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி, 1761இல் தாம் இறக்கும் காலம் வரை பிள்ளை எழுதிய அந்தக் குறிப்புகளில், ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டும் மாதமும் கிழமையும் இடம்பெறுகின்றன. சென்னை வீழ்ந்த அந்தப் புதன்கிழமை தமிழ்க் கணக்கில் அட்சய ஆண்டு புரட்டாசி மாதம். நம் பஞ்சாங்கக் கணக்கு, இரண்டு ஐரோப்பிய அரசுகளின் கணக்குகளையும் சரிபார்க்கும் மூன்றாவது சாட்சியாக நிற்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்குகிறது. அன்று வீடு திரும்பியதும் என்னிடமிருந்த நூல்களில் 1752க்கு முற்பட்ட தேதிகளுக்கு அருகிலெல்லாம் அது எந்தக் கணக்கு என்று பென்சிலால் குறித்து வைக்கத் தொடங்கினேன். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புதுச்சேரி ஆய்வாளர்களுக்கு நேரம் போவதே தெரியாது. எழுதியவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1846இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னையில் அச்சாயிற்று. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்தவர் எழுதியது என்பதால் அதன் மதிப்பு தனி. ஆனால், அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது என்று எனக்கு அழுத்திச் சொன்னவர்கள், அந்த நாட்குறிப்பை எல்லாரையும் விட அதிகமாக நேசிப்பவர்களே. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், சம்பா கோவில் எனப்படும் கிறித்தவத் தேவாலயத்துக்கு அருகில் இருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அந்த நாளைப் பற்றிப் பிள்ளை எழுதியிருப்பதைப் படிக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. கோவிலைக் காக்க ஊரார் திரண்டு வந்ததையும், அவர்கள் அடக்கப்பட்டதையும், உள்ளே நடந்தவற்றையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த இடிப்புக்கு ஆளுநரின் மனைவி ழானும் ஏசு சபைப் பாதிரிகளும் முக்கியக் காரணம் என்பது அவர் கருத்து.

இங்கேதான் பேராசிரியர் என்னை நிறுத்தினார். பிள்ளைக்கும் ழானுக்கும் இடையே நீண்ட நாள் பகை இருந்தது. துபாஷிப் பதவி தமக்குக் கிடைக்காமல் இருக்க அந்த அம்மையார் முயன்றதாகப் பிள்ளையே எழுதுகிறார். அதே சமயம் அவர் துய்ப்ளேயின் தயவில் செழித்த வணிகர். ஆகவே துய்ப்ளே மீதான பழியை அவர் எங்கே மென்மையாக்குகிறார், ழான் மீதான பழியை எங்கே கூட்டுகிறார் என்று பார்த்துப் படிக்க வேண்டும். இதனால் நாட்குறிப்பு பொய்யாகிவிடாது. கோவில் இடிக்கப்பட்டது உண்மை; எழுதியவரின் வேதனையும் உண்மை; யார் எவ்வளவு பொறுப்பு என்ற கணக்கு மட்டும் அவருடைய கணக்கு. ஒரே பக்கத்தில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அந்த மாலைப் பொழுதுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆய்வாளர்கள் ஒருவரோடு ஒருவர் மாறுபடும் இடங்களையும் கேட்டறிய வேண்டும். புதுச்சேரிக்கு அருகில் உள்ள பழைய துறைமுகக் குடியிருப்பான அரிக்கமேட்டைப் பற்றி இரண்டு தலைமுறை அறிஞர்கள் சொன்னவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1945இல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியில் செய்யப்பட்ட பளபளப்பான சிவப்பு மட்கலத் துண்டுகளைக் காலக் கணிப்புக்கு அடிப்படையாகக் கொண்டு, அதை ரோமானிய வணிகத்தோடு இறுகப் பிணைத்துக் காட்டினார். 1989 முதல் 1992 வரை அதே மண்ணைத் தோண்டிய விமலா பெக்லி, ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்தார்கள் என்றும், வீலர் கருதிய காலத்தைத் தாண்டியும் குடியிருப்பு நீடித்தது என்றும் காட்டினார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நின்று ஒரு தொல்லியலாளர் இதை எனக்கு விளக்கியபோது, வீலரைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவருக்கு அந்த விடை கிடைத்தது, பெக்லி வேறு கேள்வி கேட்டார் என்று மட்டும் சொன்னார்.

கடலூருக்கு வருகிறேன். என் சொந்த ஊரின் வரலாற்றை நான் ஒழுங்காகக் கேட்டறிந்தது, ஊரை விட்டு வந்த பிறகுதான். மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வட்டார வரலாற்றில் நல்ல தேர்ச்சி உள்ளவர், தேவனாம்பட்டினத்துக்கு என்னை அழைத்துச் சென்று புனித டேவிட் கோட்டையின் எஞ்சிய பகுதிகளைக் காட்டினார். 1690இல் செஞ்சி மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து விற்கப்பட்டது. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும் கைதேர்ந்த ஆளும் அனுப்பப்பட்டு, பல திசைகளிலும் சுடப்பட்டது. குண்டு எட்டிய எல்லைக்குள் கடலூர் நகரமும் சுற்றுப்புற ஊர்களும் கம்பெனியின் உடைமையாயின. அந்த ஊர்கள் நெடுங்காலம் பீரங்கிக் குண்டு கிராமங்கள் என்றே அரசு ஆவணங்களில் குறிக்கப்பட்டன.

ஆசிரியர் மணலில் குச்சியால் கோட்டையைப் புள்ளியாகக் குறித்து, கெடிலம் ஆற்றையும் கடலையும் வரைந்து, ஒவ்வொரு திசைக்கும் ஒரு கோடு இழுத்தார். கேட்க வியப்பாக இருக்கும் இந்தக் கதையை எல்லாரும் வியப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். இந்தச் செய்தி நமக்குக் கம்பெனியின் கடிதங்கள் வழியாகத் தெரிகிறது. அந்தக் கடிதங்களில் பீரங்கி இருக்கிறது, சுட்டவரின் திறமை இருக்கிறது, எல்லை இருக்கிறது. தலைக்கு மேலே குண்டு பறந்த அன்று காலையில் வயலில் நின்றவர் இல்லை. யாருக்கு வரி கட்ட வேண்டும் என்பது ஒரு வெடிச்சத்தத்தில் மாறிப்போன அந்த மனிதரைப் பற்றிப் பேச ஆவணத்தில் இடமில்லை. அந்த இடத்தில் வரலாற்றாசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றார் அவர். சொல்லும்போது குரலில் உறுதி இருந்தது.

அதே கடலூரில் 1783இல் நடந்ததையும் அவரிடமிருந்துதான் முழுமையாகக் கேட்டேன். நகரைப் பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி வைத்திருந்தார். ஆங்கிலேயப் படை ஸ்டூவர்ட் தலைமையில் முற்றுகையிட்டது. ஜூன் 13 அன்று தரையில் கடும் போர். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரன், ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் ஆகியோரின் கப்பல்கள் மோதின. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டும் காயமுற்றும் போன பிறகு, ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்டுவிட்ட செய்தி ஜூன் இறுதியில் வந்து சேர்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அந்த ஆண்டு ஜனவரி 20. ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட ஒரு போருக்காக, அந்தச் செய்தி தெரியாத மனிதர்கள் நம் மண்ணில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று நடந்த நாளையும் அது தெரியவந்த நாளையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளாமல் கப்பல் காலத்து வரலாற்றைத் தொடவே கூடாது என்று ஆசிரியர் சொன்னதை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுத்தாளர்களோடு பேசுவது வேறு வகையான அனுபவம். ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தை நாவலாக்கிய பிரபஞ்சன் புதுச்சேரிக்காரர். ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கரிசல் நிலத்தின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கி. ராஜநாராயணன், 2021இல் மறையும் வரை தம் பிற்காலத்தைப் புதுச்சேரியிலேயே கழித்தார். இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில், வரலாற்றையும் கதையையும் ஒருசேரப் பேசுவதற்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. என்னோடு பழகும் நாவலாசிரியர் ஒருவரிடம் பீரங்கிக் குண்டு கிராமங்களைப் பற்றிச் சொன்னபோது, வயலில் நின்ற அந்த மனிதரைப் பற்றித்தான் அவர் உடனே கேட்டார். அவர் கையில் என்ன இருந்தது, பக்கத்தில் குழந்தை இருந்ததா, சத்தம் கேட்டு மாடு மிரண்டதா என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். வரலாற்றாசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தமிழாசிரியர் சொன்ன அதே இடத்தில் இவர் வாயைத் திறந்தார்.

இந்த இரண்டு பேரில் ஒருவரைத்தான் நம்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், நாவலாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான். இது எப்படித் தெரியும் என்று கேட்டால், நல்ல எழுத்தாளர் தயங்காமல் சொல்லிவிடுவார்: இந்த வீதியின் பெயர் ஆவணத்தில் உள்ளது, இந்த விலைவாசி நாட்குறிப்பில் உள்ளது, இந்த உரையாடல் நான் எழுதியது. அந்த நாவலாசிரியர் தம் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில், சான்றிலிருந்து எடுத்த செய்திகளுக்கு அருகில் மட்டும் சிறு புள்ளி வைத்திருப்பதைப் பார்த்தேன். அச்சில் அந்தப் புள்ளிகள் வரமாட்டா. இருந்தாலும் எழுதும்போது தமக்கே அந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக வைப்பதாகச் சொன்னார். வரலாற்று நாவல் என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று எண்ணுபவர்கள் பெருகிவரும் இந்த நாளில், அந்தப் புள்ளிகளைப் பெரிய ஒழுக்கமாகவே நான் மதிக்கிறேன்.

பேராசிரியரையும் நாவலாசிரியரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசும் வாய்ப்பு, சவானா மில் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய உரையாடலின்போது கிடைத்தது. 1936ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவின் தலைமையில் வளர்ந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைநாள் உள்ளிட்ட தொழிலாளர் உரிமைகள் சட்டமாயின. இவை அனைவரும் அறிந்தவை. நாங்கள் மூவரும் சென்றது முதலியார்பேட்டையில் வசிக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு. அவருடைய தந்தை அந்த மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவர். அன்று உயிர் தப்பியவர்.

திண்ணையில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்த அந்த அம்மா, கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். தம் தந்தை உயிரோடு இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் இருப்பார் என்றும், அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்றும், மாலையில் குளித்துவிட்டு வந்து முதல் உருண்டைச் சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்றும் சொன்னார். பிறகு துப்பாக்கிச் சத்தம், ஓட்டம், வாய்க்காலில் விழுந்து தப்பியது என்று தந்தை சொன்னவற்றை வரிசையாகச் சொன்னார். நாவலாசிரியர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியர் இடையில் மிகவும் தாழ்ந்த குரலில், “அம்மா, இதை அப்பா உங்களிடம் சொல்லும்போது உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? அப்ப வேற யாரெல்லாம் கூட இருந்தாங்க?” என்று கேட்டார். மூதாட்டி சிறிது யோசித்து, பாதி தந்தை சொன்னது என்றும், மீதி ஆண்டுதோறும் நடக்கும் தியாகிகள் நினைவுக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசக் கேட்டது என்றும் பிரித்துச் சொன்னார். எந்த வற்புறுத்தலும் இல்லாமல், தம் நினைவைத் தாமே பிரித்துக் காட்டிய அந்த நேர்மையைக் கண்டு நாங்கள் மூவரும் வாயடைத்துப் போனோம்.

திரும்பி வரும்போது இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அந்த உண்ணாநோன்பே வரலாறு, மற்றவை எல்லாம் நூல்களில் கிடைக்கும் என்றார் நாவலாசிரியர். பேராசிரியர் அதை மறுக்கவில்லை. ஆனால், அந்த நோன்பு துப்பாக்கிச் சூட்டுக்குச் சான்றாகாது, ஒரு குடும்பம் அதை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதற்கே சான்றாகும் என்றார். சூடு எத்தனை மணிக்கு நடந்தது, ஆணையிட்டவர் யார் என்பதற்கு அரசு அறிக்கையையும் அந்நாளைய பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேரின் சாவு தப்பிப் பிழைத்த ஒருவரின் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு இந்த அம்மாவைத் தவிர வேறு ஆவணம் இல்லை. என் மனம் பேராசிரியரின் பக்கமே சாய்கிறது. நினைவை வேறொன்றுக்குச் சான்றாக இழுக்காமல், எதற்குச் சான்றோ அதற்கே சான்றாக வைப்பதுதான் அந்த மூதாட்டிக்கும் நாம் செய்யும் மரியாதை.

இந்த ஊரில் பேசத் தயங்கும் செய்திகளும் உள்ளன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில், 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரான்சின் ஒப்புதலோடு சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதன் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும், தேர்ந்தெடுக்காத குடும்பங்களும் ஒரே வீதியில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. அண்ணன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் பணியாற்றி ஓய்வூதியம் பெற, தம்பி உள்ளூரில் வேலைக்கு அலைந்த கதைகளைக் கேட்கும்போது, ஏன் அந்தக் குடியுரிமைத் தாளில் கையெழுத்திட்டீர்கள் அல்லது ஏன் இடவில்லை என்று நேரடியாகக் கேட்கக் கூடாது என்று எனக்கு மூத்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்றைய நாள் எப்படி இருந்தது, யார் வந்து செய்தி சொன்னார்கள், வீட்டில் யார் முதலில் பேசினார்கள் என்று கேட்டால், காரணம் தானாக வெளியே வரும். சில வீடுகளில் வராது. அப்போது காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட வேண்டும்.

இப்படிப் பதிவு செய்தவற்றில், ஒப்புதல் கொடுத்தவர்களின் பேச்சை மட்டும் எழுத்தாக்கி, எந்தப் பகுதி நேரில் கண்டது, எந்தப் பகுதி பெற்றோர் சொன்னது, எது பின்னாளில் கேட்டது என்று அவர்கள் பிரித்துச் சொன்னபடியே குறித்து வருகிறேன். முதலியார்பேட்டை அம்மாவின் பேச்சு முடிந்துவிட்டது. அச்செடுத்து அவருடைய பேத்தியிடம் ஒரு படி கொடுத்திருக்கிறேன். அவர் அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டி, திருத்த வேண்டிய இடங்கள் இருந்தால் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அடுத்து, ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களைச் சந்திக்கப் பேராசிரியரும் நாவலாசிரியரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் யாரையேனும் அறிந்தவர்கள் எனக்கு எழுதினால், அவர்களுக்கு வசதியான நாளைக் கேட்டு நாங்கள் அவர்கள் வீட்டுக்கே வருகிறோம்.